மூடுபனிக்குள் வந்த தேர்

பிரிஞ்சாங் மலைச்சாலையில் இன்று மூடுபனி இறங்கியதும் கார்க் கண்ணாடியை இறக்கினேன். தேயிலை வறுபடும் வாசனையோடு எங்கள் பழைய தோட்டமும் உள்ளே வந்துவிட்டது. இப்போது அங்கே அம்மன் கோயிலும் இல்லை, மாதா கோயிலும் இல்லை, மலாய்க்காரர்கள் தொழுத சூராவும் இல்லை. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே தக்காளி காய்க்கிறது.

என் சின்ன வயதில் ஒரு திருவிழாவில் மாரியம்மன் தேர் மேட்டு லயத்து வீட்டு வரிசையைத் தாண்டியபோது பனி அடைத்துக்கொண்டது. வடம் பிடித்த அப்பாவுக்குத் தன் கையே தெரியவில்லை, பக்கத்திலோ பள்ளம்.

"நிறுத்துங்க லா, ரோடே தெரியல!" என்று கத்தினார்.

மேளமும் நின்றது. அந்த அமைதியைக் கேட்டுத்தானோ என்னவோ, கீழ் வளைவில் ஞானம் மாமா மாதா கோயில் மணியை விடாமல் அடித்தார். அதற்கடுத்த வளைவிலிருந்து லோரிக்கார ஹசான் சூராவின் முரசை அதிரவிட்டார்.

"மணிக்கு நேரா இழுங்க, அப்புறம் முரசுப் பக்கம் திருப்புங்க!" என்றார் அப்பா.

ஒரு விளக்கும் அணையாமல் அம்மன் வீடு சேர்ந்தாள். பெண்கள் போட்ட குலவையில் மலையே அதிர்ந்தது.

மறுவருடம் பனியே இல்லை, எதிர்மலைச் செடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் தேர் மேட்டு லயத்தைத் தாண்டியதுதான் தாமதம், மணியும் முரசும் முழங்கின.