மாமாவின் ஏற்புரை

யாராவது ஒலிவாங்கியை விரல் நுனியால் தட்டினால் போதும். டொக், டொக். எந்த மண்டபமானாலும், யாருடைய கலியாணமானாலும், எனக்கு அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பி வரும். தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊரில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஹோல். ஈரக் கோட்டுகளின் மணம், ரோல்ஸ் பொரித்த எண்ணெயின் மணம். மேடை நடுவில், கழுத்தில் சால்வை சுற்றியபடி அம்மாவின் அண்ணன்.

எனக்கு மாமா. ஊரில் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நேர்முக வர்ணனை செய்தவர். பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி வானொலிவரை போனவர். அவர் பந்தை அடித்ததுமில்லை, பிடித்ததுமில்லை. சொன்னார், அவ்வளவுதான். அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே மைதானத்துக்குப் போகாமல் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள் என்று அப்பா சொல்வார். லண்டனில் அவருக்குக் கிடைத்தது பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை, பக்கத்து ஊரான சட்டனில் ஓர் அறை. கோடை வந்தால் மட்டும், பழைய மாணவர் சங்கங்களின் விளையாட்டு விழாக்களில், மடக்கு மேசையும் கார் பற்றரியில் ஓடும் ஒலிபெருக்கியுமாக அவர் பழைய ஆளாகிவிடுவார்.

"அற்புதமான பந்து! நடுத்தண்டு சரிந்தது! வாசலை மறித்து நிற்கும் சிவப்பு வான் வண்டியின் உரிமையாளரும் தயவுசெய்து களத்தைவிட்டு வெளியேறவும்!"

வார இறுதிகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். தொலைக்காட்சியில் ஆட்டம் இருந்தால் அம்மா முதலில் செய்வது சத்தத்தை அடியோடு குறைப்பது. மாமா சோபாவில் இருந்து தமிழில் தொடங்குவார். குசினியிலிருந்து அம்மா கத்துவா: "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, கறியை இறக்கிப்போட்டு வாறன்!"

"ஆட்டத்தை நிப்பாட்ட ஏலாது. ஆனா உனக்காகப் பந்து போடுறவனைச் சப்பாத்துக் கட்ட விட்டிருக்கிறன், கெதியா வா."

அந்த வருடக் கோடை முடிந்ததும் அவர் குரல் கரகரத்தது. தடிமன், வெறும் சளிதான் என்று எனக்குச் சொன்னார்கள். எனக்குப் பத்து வயது, நம்பினேன். உண்மை வேறு. பழைய மாணவர் சங்கம் நவம்பரில் அவருக்கு எடுத்த பாராட்டு விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் அவருடைய குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். விழா முடிந்த கையோடு, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, வார்ட்டில் போய்ப் படுக்க வேண்டும். இது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். விழாவை மாதக்கணக்கில் ஒழுங்குசெய்த சங்கத்தாருக்குக்கூடச் சொல்ல மாமா விடவில்லை.

"தெரிஞ்சால் பாவம் பாப்பினம். பேச வேண்டாம், ரெஸ்ட் எடுங்கோ எண்டுவினம். ஏற்புரைக்கு எனக்குப் பத்து நிமிசம் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

இது அம்மா பிற்காலத்தில் சொன்னது. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வாய் திறக்காமல் இருந்தார். தேநீருக்குச் சீனி காணாது என்பதைக் கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். நான் அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு எழுதிக் காட்டினேன். மாறி மாறி எழுதிச் சிரித்தோம். குரலை ஒருவர் சேர்த்துவைக்க முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அழைப்பிதழில் இரண்டு மணி என்று இருந்தது. விளக்கேற்றியபோது மூன்றே கால். அடுத்தது என்னுடைய வரவேற்பு நடனம். பாதியில் கசெட் சிக்கியது. பாடகியின் குரல் இழுபட்டு, தடித்து, நின்றேபோனது. காலைத் தூக்கியபடி நான் நின்றேன்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஓடிவந்தார். "நேரத்தின் அருமை கருதி, அடுத்த நிகழ்வுக்குப் போவமோ?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "முதல்ல இருந்து ஆடோணும்," என்றேன்.

சபை சங்கடப்பட்டது. அம்மா முன்வரிசையிலிருந்து தலையை ஆட்டினா, வேண்டாம், இறங்கு என்று. அப்போது மாலை போட்ட கதிரையிலிருந்து, ஒரு வாரத்துக்குப் பிறகு, மாமா வாய் திறந்தார்.

"பிள்ளை முழுசா ஆடட்டும். நான் எங்க போகப்போறன்?"

கசெட்டின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றி எடுத்தார்கள். நான் முதலிலிருந்து ஆடினேன், ஒரு முத்திரைகூடக் குறையாமல்.

பிறகு பேச்சாளர்கள். ஒவ்வொருவரும் நேரத்தின் அருமை கருதியே தொடங்கினார்கள். வெண்கலக் குரல் என்றார் ஒருவர். கடல்போன்ற குரல் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தான் அந்தக் காலத்தில் அடித்த ஒரு சிக்ஸரைப் பற்றிப் பேசி, பந்து போன பாதையைக் கையால் காட்டி, அது இன்னும் தரையில் விழாததுபோல அண்ணாந்து நின்றார். பொன்னாடைக்கு மேல் பொன்னாடை விழுந்தது. மாமா ஒவ்வொரு தடவையும் எழுந்து, குனிந்து, உட்கார்ந்தார். யாராவது "இறுதியாக" என்றால் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நிமிர்ந்து இருப்பார். இறுதி நீண்டுகொண்டே போகும். தம்ளரை மெல்லக் கீழே வைப்பார். மாமாவைப் பேச விடச் சொல்லி அப்பா ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்பினார். தொகுப்பாளர் அதை வாசித்து, "ஓம் ஓம், பாப்பம்," என்று தலையாட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வாசலில் வெள்ளை உடுப்பும் நிற நிறப் பட்டியும் கட்டிய ஜூடோ பிள்ளைகள் வந்து நின்றார்கள். அடுத்த வகுப்பு அவர்களுடையது. ஹோலைப் பார்க்கும் வெள்ளைக்காரக் கிழவர் சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு நடுவால் நடந்து வந்தார்.

தொகுப்பாளர் அவசரமாக முடித்தார். "ஏற்புரைக்கு நேரம் காணாமல் போச்சுது, மன்னிக்கோணும். அண்ணையின்ர குரல் எங்க ஓடப்போகுது? வாற கோடையில ஆசைதீரக் கேப்பம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பலமாக, முடிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில். அந்தக் கைதட்டலுக்குள் மாமா எழுந்துபோய் ஒலிவாங்கியை இரண்டு தரம் விரலால் தட்டினார். சத்தம் வரவில்லை. கீழே ஒரு அண்ணை ஏற்கெனவே வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் அதற்குப் பிறகும் ஆறு வருடம் இருந்தார். கழுத்துத் துளையை மறைக்கும் சிறு துணியோடு எங்கள் சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். அம்மா சத்தத்தைக் குறைக்க மறந்தவள்போல விட்டுவிடுவா. ஆங்கில வர்ணனை ஓடும். மாமாவின் உதடுகள் அசையும், ஒரு கணம் பிந்தி. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன சொல்ல இருந்தார் என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர் எழுதிக் காட்டவுமில்லை. ஆனால் இவையெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கார் தரிப்பிடத்தில் நின்றேன், சலங்கையைக்கூடக் கழற்றாமல்.

இருட்டிவிட்டிருந்தது. பொன்னாடைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு மாமா வந்தார். அப்பா அவரை ஏற்றிப் போக இருந்தார், சட்டனில் விடத்தான் என்று நான் நினைத்தேன். நானும் அம்மாவும் பக்கத்து வீட்டாரின் காரில் வீட்டுக்கு.

"மாமா, என்ர டான்ஸ் எப்பிடி?" என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

"வணக்கம் நேயர்களே! தெற்கு லண்டன் மைதானத்தில் மேகமூட்டம். நீலப் பாவாடை அணிந்த இளம் வீராங்கனை களமிறங்குகிறார். வலது காலைத் தூக்குகிறார்... அடடா, ஒலிநாடா சிக்கிவிட்டது! நடுவர்கள் கூடிப் பேசுகிறார்கள். வெளியேறச் சொல்கிறார்கள். அசைகிறாரா? அசையவில்லை! கண்ணில் நீர், காலில் உறுதி..."

ஓரங்கள் கிழிந்த குரல், ஆனால் முழுக் குரல். கார்க் கதவுகளில் கைவைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டா. ஹோலின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஜூடோ உடுப்பில், என் பள்ளிக்கூட வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டுபேர் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"மீண்டும் முதலிலிருந்து! சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நேயர்களே, இப்போது அவர்..."

"போதும் மாமா," என்றேன். "எல்லாரும் பாக்கினம். குளிருது."

அவர் நிறுத்தினார். வாய் இன்னும் சற்றுத் திறந்தபடியே இருந்தது. சொல்லி முடித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு குனிந்து, என் கோட்டின் கழுத்தை இழுத்து மூடிவிட்டார்.

"ஓம், குளிர்தான். போய்க் காருக்குள்ள இரு பிள்ளை."