அம்மாவின் கரிமண்

அம்மா காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் மனஸ்தாபங்களை எழுத வேண்டாமென்று உறவினர் சிலர் சொல்லியனுப்பினார்கள். அம்மா இருந்தவரை அம்மாவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள் இவர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கொற்கையில், விவசாயக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது வேம்பாரில். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிவந்த அப்பா, யுத்தத்தின்போது தோணியிலிருந்து தவறி விழுந்து இறந்தார்கள். துக்கம் ஆறுமுன்னே அப்பாவின் அண்ணனான பெரியப்பா நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றடி நிலம் அவர்களுக்கு, மணல்மேடு எங்களுக்கு. ஊற்றுத் தோண்டி அம்மா குடம்குடமாக ஊற்றிய தண்ணீரை மணல் அப்படியே குடித்துவிடும்.

கொற்கையில் விறகை எரித்துக் கரியாக்க மூட்டம் போட்ட இடத்தில் செடிகள் தழைத்து நிற்பதை அம்மா சிறுவயதில் கண்டிருந்தார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது பஸ்கள் கரிவாயுவில் ஓடின. வேம்பாரில் டிரைவர் பஸ்ஸின் கரியடுப்பைத் தட்டிக் கொட்டும் தூள்கரியை அம்மா சாக்கில் அள்ளிவந்து மணலில் புதைத்தார்கள். முதல் வருஷம் மிளகாய்ச் செடியெல்லாம் மஞ்சளித்துப் போயின. செடிக்குச் சேரவேண்டிய சத்தை வெறுங்கரி தானே இழுத்துக்கொண்டது. ‘கரிக்காரி’ என்று ஊர் சிரித்தது. அடுத்த முறை சாணமும் மாட்டு மூத்திரமும் சேர்த்துக் கரியை மாதக்கணக்கில் குழியில் ஊறவைத்து மண்ணில் கலந்தார்கள். மண்ணில் ஈரம் தங்கியது, மண்புழு வந்தது. மிளகாயும் கத்தரியும் கொத்துக்கொத்தாய்க் காய்த்தன.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “சுடுகாட்டுச் சாம்பல அள்ளிப் போட்டுல்லா வெளையவைக்கா!” என்று சந்தையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் காயை ஒருவரும் தொடவில்லை. அம்மா அழவில்லை. பஸ் வந்ததும் டிரைவரைச் சந்தைக்குக் கூட்டிவந்தார்கள்.

“அண்ணாச்சி, இது எங்கன உள்ள கரின்னு நீங்களே சொல்லுங்க.”

“என் பஸ்ல உள்ள கரிதான்வே. சந்தேகம்னா வந்து பாருங்க!”

அன்று காய் விற்றது. ஆனால் பெரியப்பா விடவில்லை. பாகப்பிரிவினையே செல்லாதென்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார்கள். “ஒத்தப் பொம்பளைக்கு இம்புட்டு நெலம் எதுக்கு?” என்று கேட்டு, அந்தப் பெரியவர்கள் அம்மா விளையவைத்த பாதி நிலத்தைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார்கள். கரி கூடினால் விளைச்சலும் கூடுமென்று பெரியப்பா வண்டிவண்டியாக வெறுங்கரியைக் கொட்டினார்கள். பயிர் மஞ்சளித்தது. எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“ஏளா, நீ என்னத்தத்தான் போட்ட?”

“கரிதான் அத்தான். ஊருக்கே தெரியுமே” என்று சொல்லி அம்மா கதவைச் சாத்தினார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

மிச்சமிருந்த மணலில் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அதையும் விளையவைத்தார்கள். பிறகு காய்ச்சலில் விழுந்தார்கள். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வில்வண்டி கேட்டோம். மாட்டுக்குக் கால் நோவு என்றார்கள் பெரியப்பா. அம்மாவைப் பஸ்ஸில் படுக்கவைத்து ஏற்றிப்போனவர் அந்த டிரைவர் அண்ணாச்சிதான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அம்மா கண்மூடினார்கள்.

டிரைவர் அண்ணாச்சிக்கும், ஆஸ்பத்திரியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த திரேஸ்புரம் மீன்காரப் பெண்களுக்கும் என் நன்றி. அவர்கள் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை.

பதினாறாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காயுமுன்னே, “பொட்டப்புள்ளைக்கு நெலம் எதுக்கு?” என்று பெரியப்பா கேட்டார்கள். பதிலை இங்கே எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். அந்த நிலத்தில் இந்த வருஷம் நான் மிளகாய் நட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு யாரும் வர வேண்டாம்.