முப்பது நாள் லீவும் நன்னாரி சர்பத்தும்

எனக்குக் கீழே அரிப்பு வந்தது தை மாதம், சம்பா அறுவடை முடிந்த மறுவாரம். முதலில் நெல்லுச் சுணை என்றுதான் நினைத்தேன். களத்தில் நெல் காயவைத்து வாரினவள் எவளாக இருந்தாலும் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டுதான் வீடு திரும்புவாள். குளித்தால் போய்விடும். எனக்குக் கழுத்தில் போனது, கையில் போனது. அந்த இடத்தில் மட்டும் போகவில்லை.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? எங்கள் தெருவில் பிள்ளைக்குச் சளி என்றாலும், பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் முதலில் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். நன்னிலம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவதெல்லாம் அதற்கப்புறம்தான். ஊருக்கே வைத்தியம் சொல்கிறவள் தன் உடம்புக்குப் பார்த்துக்கொள்ள மாட்டாளா என்ன.

வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறினதும் அந்தத் தண்ணீரில் கழுவினேன். இரண்டு நாள் அடங்கியது, மூன்றாம் நாள் திரும்ப வந்தது. படிகாரம் கரைத்துக் கழுவினேன். ஐயோ, அந்த எரிச்சல் என் விரோதிக்குக்கூட வரக்கூடாது. தேங்காய் எண்ணெய் தடவினேன். போனில் ஒருத்தி சொன்னாள் என்று தயிரையும் தடவினேன். கொஞ்ச நேரம் சில்லென்று இருந்தது, அப்புறம் பழையபடி. இதற்குள் திரிந்த பால் மாதிரி வெள்ளை வேறு பட ஆரம்பித்துவிட்டது. கோடை நடவுக்கு ஆள் பேசப் போன இடத்தில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, இது சூடு என்று முடிவு கட்டினேன். எங்கள் பக்கத்தில் இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் அது உடம்புச் சூடுதான். அதனால் குளிர்ச்சியில் இறங்கினேன். காலையில் இளநீர். பதினோரு மணிக்கு நன்னாரி சர்பத். சாயங்காலம் பாதாம் பிசினில் பனங்கற்கண்டை அள்ளிப் போட்டு ஒரு டம்ளர். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கவில்லை. சூடு அவ்வளவு இருக்கிறது போல என்று இன்னும் குடித்தேன். "என்னக்கா, பாதியா இளைச்சுட்டீங்க?" என்று கேட்டவர்களிடம், சூடு இறங்குகிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

இத்தனை செய்தும் கேட்கவில்லை என்றால் தப்பு என் வைத்தியத்தில் இருக்க முடியாதே! அப்படித்தான் என் புத்தி போயிற்று. என் வீட்டுக்காரர் துபாயில் லாரி ஓட்டுகிறார். கார்த்திகையில் பத்து நாள் வந்துவிட்டுப் போனார், தையில் எனக்கு இது வந்திருக்கிறது. அங்கே எவளிடமோ போய், இந்தச் சனியனை வாங்கிவந்து என் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, நம்பிவிட்டேன். அவர் வீடியோவில் கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

சித்திரையில் முப்பது நாள் லீவில் வந்தார். முழுசாக ஒரு மாதம் வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கெஞ்சி வாங்கிய லீவு. வந்த அன்றைக்கே அவர் பாயைத் தூக்கி ஹாலில் போட்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"உடம்பு சூடு. கிட்ட வராதீங்க."

மனுஷர் அதை அப்படியே நம்பினார். மறுநாளிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து எனக்கு நன்னாரி சர்பத் வாங்கி வருவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிக் குடிப்பேன். குற்றம் செய்தவன் குழைகிறான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொள்வேன்.

பதினெட்டாம் நாள் காலையில், "என்மேல என்ன கோபம், அதையாவது சொல்லு" என்றார். என் வாய் சும்மா இருக்குமா?

"அங்க எவகிட்டப் போயி இதை வாங்கிட்டு வந்தீங்க?"

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "கெளம்பு. ரெண்டு பேரும் போயி டெஸ்ட் எடுப்போம்" என்றார். நான் விறுவிறுவென்று புடவை மாற்றினேன். டாக்டர் வாயாலேயே உண்மை வரட்டும் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. முதலில் என் வீட்டுக்காரரைப் பார்த்து வெளியே அனுப்பிவிட்டு, என்னை உள்ளே படுக்கவைத்துப் பார்த்தார். பிறகு, "வீட்ல என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். நான் வேப்பிலையில் ஆரம்பித்துப் பனங்கற்கண்டு வரைக்கும் ஒன்று விடாமல், ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்குச் சொல்கிற தோரணையில் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள்.

"உங்களுக்குச் சுகர் இருக்கும்மா. நிறையவே இருக்கு. அதனாலதான் இந்தப் பூஞ்சை விடாம வருது. நீங்க தினம் மூணு வேளை அதுக்குச் சோறு போட்டிருக்கீங்க."

"அப்போ இது அவர்கிட்டேருந்து...?"

"யார்கிட்டேருந்தும் வரலை. அவருக்கும் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல."

உள்ளே வைக்க மாத்திரையும் தடவக் களிம்பும் கொடுத்தார். படிகாரமும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவினால் போதும் என்றார். ஒரே வாரத்தில் அரிப்பு நின்றது. சுகர் அடங்க ஆறு மாதம் பிடித்தது. இன்றைக்கும் என் வாசலுக்கு வைத்தியம் கேட்டு வருகிறார்கள், நானும் சொல்கிறேன். அரிப்பு என்று எவளாவது வந்தால் மட்டும், முதலில் போய்ச் சுகர் பார்த்துவிட்டு வாடி என்று விரட்டிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. எனக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டிருந்த அவர், ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். கையில் சர்பத். அவ்வளவு பேச்சு வாங்கிய பிறகும் பதினோரு மணி அவருக்கு மறக்கவில்லை.

"இது எனக்கு ஆகாதாம்ங்க. சுகராம்" என்றேன். "உங்கமேல அபாண்டமாப் பழி போட்டுட்டேன்."

எனக்கு ரோட்டில் நின்று அழுது பழக்கமில்லை. அன்றைக்கு அழுதேன். அவர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே மூச்சில் தானே குடித்து முடித்தார்.

"இன்னும் பன்னண்டு நாள் இருக்குல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நட்டநடு மத்தியானத்தில், ஹாலில் கிடந்த அவர் பாயை நானே எடுத்து உள்ளே போட்டேன். எனக்குத் தெரிந்த கஷாயம் இருபது இருக்கும். அந்தப் பதினெட்டு நாளைத் திருப்பித் தர அதில் ஒன்றும் இல்லை.