கேலிக்காரன் தட்டிய சுவர்

லாசினா தோயே எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத் தட்டுவான். மனிதர்களுக்கு வணக்கம் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான். வாகடூகு நகரத்தில் நாற்பத்தொரு மண்வீடுகளுக்குத் திட்டம் போட்டுக் கட்டியவன், தட்டாமல் இருப்பானா? காகிதத்தில் வரைவது அவனுக்குப் பிடிக்காது. குடும்பத்தையே மனையில் கொண்டுவந்து நிறுத்தி, சாயங்கால வெயில் எங்கே விழுகிறது, யார் எந்த மூலையில் படுப்பார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தரையில் கயிறு பிடிப்பான். இரண்டடிப் பருமனில் சுவர், அதன்மேல் மரமும் தகரமும் இல்லாமல் சுடாத மண்கல்லாலேயே வளைகூரை. ஏப்ரல் மாதம் பக்கத்துத் தகரக்கூரை வீடுகளில் மின்விசிறிகூட அனலைக் கக்கும். லாசினா கட்டிய வீட்டில் குழந்தை வியர்க்காமல் தூங்கும். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அங்கே யாருக்காவது தெரியும்.

அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் வெளிச்சுவருக்கு மண்பூச்சு பூச வேண்டும். சிமெண்டு மட்டும் கூடவே கூடாது. மண்சுவர் நனைந்தால் காய வேண்டும். மேலே சிமெண்டை அப்பிவிட்டால் ஒரு விரிசல் வழியாகப் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், உள்ளேயே கிடந்து ஊறும்.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று ஹமாதோ நிக்கியெமாவின் வீடு. அவன் கேட்டால்தானே! மோட்டார்சைக்கிள் உதிரிபாகக் கடைக்காரன், நல்ல மனுஷன், ஆனால் ரோஷக்காரன். மூத்த மகளைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருத்தி சுவரைப் பார்த்து, "இன்னும் மண்ணு வீடுதானா?" என்று மூக்கைச் சுளித்துவிட்டாள். அந்த வாரமே சிமெண்டு மூட்டை வந்து இறங்கியது. சிமெண்டு பூசிச் சுண்ணாம்பும் அடித்ததும் வீடு வெள்ளையும் சொள்ளையுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றது. லாசினாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவது ஜூலையில்தான், வெளியூர் வேலை முடிந்து லாசினா சாப்பிட வந்தான். வழக்கம்போல் மேற்குச் சுவரைத் தட்டினான். உள்ளே பொள்ளல்போல 'டொப்' என்றது. இன்னொரு இடத்தில் தட்டினான். அங்கேயும் அதே சத்தம். சுவரடியில் விரலை வைத்தான். ஈர மண் பிசுபிசுவென்று விரலோடு வந்தது.

அங்கேதான் வந்தது வினை. லாசினா சாமோக்காரன், ஹமாதோ மோஸிக்காரன். அந்த ஊர் வழக்கப்படி இந்த இரண்டு இனமும் ஒன்றையொன்று என்ன வேண்டுமானாலும் திட்டலாம். கோபித்துக்கொண்டவன்தான் குற்றவாளி. பதினெட்டு வருஷத்தில் இருவரும் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆகவே லாசினாவின் வாயில் பயம்கூடக் கேலியாகத்தான் வந்தது.

"டேய் அடிமைப் பயலே, உன் சுவரு உள்ளே களியாக் கெடக்குடா. விழுந்துச்சுன்னா உன்னைக் கரண்டியிலதான் வழிச்செடுக்கணும்."

"வழிச்செடு. அதுக்குத்தானே உன்னை அடிமையா வெச்சிருக்கேன், நாய்க்கறி தின்னி!"

"நெசமாத்தான்டா சொல்றேன், கழுதைக்கறி தின்னி."

ஹமாதோவின் மனைவி ரஸ்மாத்தா சோளக்களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வைத்துக்கொண்டே சிரித்தாள். "இவரு வீட்டை விட்டு ஓடினா நீங்க குடிவரலாம்னு பாக்கிறீங்க, அண்ணா." எல்லோரும் சிரித்தார்கள். கேவலம், லாசினாவும் சிரித்தான்.

ஆகஸ்டில் மறுபடி வந்தான். சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. வெளியே சுண்ணாம்பு அடித்த சிமெண்டு மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. மறுபடி சொன்னான், மறுபடி சிரிப்பு. திரும்பிப் போகும் வழியெல்லாம் தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு நடந்தான்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் கிழக்கே வானம் செம்மண் நிறத்தில் எழும்பியது. காற்று ஒரேயடியாக நின்றுவிட்டது. லாசினா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். முற்றத்தில் ஹமாதோ பாயில் சாய்ந்திருந்தான். லாசினா குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் முன்னால் மண்டியிட்டான்.

"நிக்கியெமா ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வெளியே வந்துடுங்க."

ஹமாதோ எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "ஐயாவா? என்னடா இது, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க."

ஹமாதோ வெடித்துச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "பதினெட்டு வருஷத்துல இதுதான்டா உன் நல்ல கேலி!" என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டான். லாசினா அவன் கையைப் பிடித்து இழுத்தான். "பாருங்கய்யா, என் அடிமை என்னையே இழுத்துட்டுப் போறான்!" என்று ஹமாதோ கூவினான். மதிலுக்கு அப்பால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

ரஸ்மாத்தா சிரிக்கவில்லை. ஊரே சிரித்தும் லாசினா பிடியை விடாததை அவள் பார்த்துவிட்டாள். கட்டிக்கொடுத்த மூத்தவள் போக வீட்டிலிருந்த இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டாள். "மழை வந்து போகட்டுங்க. அதுவரைக்கும் எதிர்வீட்டுல இருந்துக்கலாம், வாங்க."

"போடி, போ. நான் குளிர்ச்சியாப் படுக்கிறேன்," என்று ஹமாதோ உள்ளே போனான். மேற்கு அறைதான் வீட்டிலேயே குளுகுளுவென்று இருக்கும். லாசினா அப்படித்தான் கட்டியிருந்தான்.

அவன் வாசல்படிவரை பின்னாலேயே போய்க் கெஞ்சினான். புழுதிக்காற்று கண்ணை மறைத்தது, பின்னாலேயே மழை கொட்டியது. சிமெண்டு பாளமாகக் கழன்றது. அதன் பின்னால் சுவர் என்று எதுவும் இல்லை. வளைகூரை மெதுவாக உட்கார்ந்தது.

மறுநாள் அதே முற்றத்தில் ஹமாதோவை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். மோஸி வீட்டுச் சாவென்றால் சாமோக்காரன் வந்து பிணத்தைத் திட்ட வேண்டும். எழுந்திரு சோம்பேறி, வேலைக்குப் பயந்து செத்தாயா என்று கேலி செய்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அது கடமை, தட்ட முடியாது. எல்லோரும் லாசினாவுக்கு வழிவிட்டார்கள்.

அவன் தலைமாட்டில் போய் நின்றான். குல்லாவைக் கழற்றினான்.

"நிக்கியெமா ஐயா," என்றான். "எழுந்து வெளியே வாங்க."

ஒரு சாமோக்காரன் மோஸிக்காரனை ஐயா என்கிறான்! கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கிழவர்கள் தொடையில் தட்டிக்கொண்டார்கள். இதைவிட நல்ல கேலியை எந்தச் சாவிலும் கேட்டதில்லை என்றார் ஒருவர்.

ரஸ்மாத்தா மட்டும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.