பக்கத்து வாசலில் ஒரு அடி

கியோட்டோவில் அண்டை அயலாரின் உறவு பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த சசமோரிக்கு, அண்டை வீட்டோடு உறவு கெட மூன்றே வாரம் போதுமானதாக இருந்தது.

அவன் ஊர் வடக்கே அவோமோரி. அங்கே தன் வாசல் பனியை அள்ளுகிறவன் பக்கத்து வாசலையும் சேர்த்தே அள்ளிவிடுவான். அள்ளாதவனைத்தான் ஊர் பேசும். அந்தப் பழக்கத்தையும் துணிமணியோடு கட்டி எடுத்து வந்திருந்தான்.

இமானிஷி அம்மாளின் பழைய மரவீட்டில் மாடியறை கிடைத்தது. வாடகை கம்மி, பதிலுக்குத் தினமும் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த அறை போனால் வேறு அறைக்கு அவனிடம் வழியில்லை, படிப்புக்கும்தான்.

முதல் நாளே சந்து முழுவதையும் பெருக்கினான். பக்கத்து வீட்டு ஹட்டோரி அம்மாள் ஜன்னலைத் திறந்து, "அடடா, என்ன சுறுசுறுப்பு! எங்க வாசலுக்கும் இந்த யோகமா தம்பி?" என்றாள். சசமோரி பூரித்துப்போனான். மறுநாள் அவள் முந்திக்கொண்டு இமானிஷி வாசலையும் பெருக்கிவைத்தாள். போட்டியென்று புரியாத புண்ணியவான் இன்னும் சீக்கிரம் எழுந்தான். சந்தில் சேவல் இல்லாத குறையை இரண்டு விளக்குமாறுகள் தீர்த்துவைத்தன.

மூன்றாம் வாரம் இமானிஷி அம்மாள் தேநீர் கொடுத்து, சிரித்தபடி சொன்னாள்: "கல்லூரி விடுதியில இடம் காலியா இருக்காமே. சின்னப் பசங்களுக்கு அங்கதான் கலகலப்பு."

அந்த அக்கறையைக் கல்லூரித் தோழன் யுகாவாவிடம் பெருமையாக ஒப்பித்தான். யுகாவா குடும்பம் ஏழு தலைமுறையாக இதே ஊர். வாரம் ஒருமுறையாவது அதைச் சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"டேய், உன்னைக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்கடா! அடுத்தவங்க வாசல்ல ஒரு அடி வரைக்கும் பெருக்கணும். கொறைஞ்சா திமிரு. கூடினா, 'உங்க வாசல் குப்பையா கெடக்கு'ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி."

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கா?"

"எழுதி வச்சா வெளியூர்க்காரனுக்கெல்லாம் தெரிஞ்சுடுமே!"

மறுநாளிலிருந்து விளக்குமாறு ஒரு அடியோடு நின்றது. ஹட்டோரி அம்மாளுடையதும் நின்றது. இமானிஷி அம்மாள் விடுதிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, வாபஸும் வாங்கவில்லை.

ஜனவரியில் கணுக்கால் மூடப் பனி விழுந்தது. சசமோரி தன் வாசலை அள்ளினான், பக்கத்தில் கச்சிதமாக ஒரு அடி அள்ளினான், நிறுத்தினான். ஆராய்ச்சியாளன் அல்லவா.

ஹட்டோரி அம்மாளின் ஜன்னல் திறந்தது. "பனி ஊர்ப் பிள்ளைன்னு சொன்னாங்களே... பாவம், இடுப்பு பிடிச்சுக்கிச்சோ?"

இந்த முறை யுகாவா தேவைப்படவில்லை. "இல்லம்மா, இப்பதான் உடம்பு சூடாகுது" என்று சந்தின் கோடி வரை அள்ளித் தீர்த்தான்.

மாலையில் இமானிஷி அம்மாள் ஒரு கிண்ணம் டர்னிப் ஊறுகாயோடு மாடியேறி வந்தாள். "ஹட்டோரி அம்மா குடுத்தாங்க. பிப்ரவரியிலயும் பனி உண்டாம் தம்பி. நீங்க எங்கயும் போயிடாதீங்க."

பனி ஓய்ந்துவிடும் மார்ச் மாதத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.