படம் வராத புராசசர்

வேலை போய் ஊருக்கு வந்த முதல் வாரத்தில் என் மகன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வாப்பா, எப்போ திரும்பிப் போறீய?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற பையன். அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் லீவுக்கு வந்து போகிற ஆள். வந்த விருந்தாளி எந்த பஸ்ஸுக்குக் கிளம்புவார் என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பது வழக்கம்தானே. "பாப்போம்லே" என்று சிரித்து வைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

சவூதியில் பதினான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனிக்கு ஒப்பந்தம் முடிந்தது, எங்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பினார்கள். வந்தவன் நல்ல மாதமாகப் பார்த்து வந்திருக்கலாம். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டால் மனிதர்கள் ஃபேனையே நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் ஏசி ரிப்பேர் கடைகளில் ஏறி இறங்கி வேலை கேட்டேன். எல்லாரும் மரியாதையாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். "வெயில் வரட்டும் பாய், பாப்போம்" என்றார்கள்.

வீட்டில் மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செல்போனில் விளையாடிக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மரியாதையாக எழுந்து வேறு அறைக்குப் போவான். கோபித்துக்கொண்டு போனால்கூடத் தாங்கிக்கொள்வேன். மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது வாழ்க்கையில் ஒன்றே ஒன்று, கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு லீவிலும் "அடுத்த தடவ கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருக்கிறேன். ஒரு முறை என் தங்கை கல்யாணம் வந்தது, ஒரு முறை வீட்டுக்கு மாடி எடுத்தோம், ஒரு முறை அவன் உம்மாவுக்கு ஆபரேஷன். கேட்டுக் கேட்டு, கடைசியில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். கையில் காசு இருந்தபோதெல்லாம் வாங்காதவன், காசு கரைகிற நேரத்தில் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மனைவியிடம் சொன்னதும் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "ஏங்க, கிறுக்கு புடிச்சிட்டா? வேலையத்துக் கெடக்கீய, இப்பம் போயி வெளையாட்டுப் பொட்டியா?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. "அவனுக்கு எங்கிட்ட வேண்டியது வேற ஒண்ணுமே இல்லியே" என்றேன். அவள் களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

நாற்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மானிட்டருக்குப் பதில் ஹாலில் இருந்த டிவி. மிச்சத்துக்கு என்ன வாங்குவது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். புராசசர்தான் எல்லாவற்றுக்கும் தலை, அதை முதலில் முடிவு செய் என்றார்கள் எல்லாரும். எதை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரே பெயரில் பத்துப் புராசசர், உள்ளே வேலை செய்கிற கோர் நாலா ஆறா என்று ஒரு கணக்கு, நடுவில் ஓர் எண் மாறினால் ஒரு விலை, கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தால் இன்னொரு விலை. ஒருவர் நன்று என்பதை அடுத்தவர் குப்பை என்றார். எனக்கு அதில் புரிந்தது ஒன்றே ஒன்று. அது சூடாகும். சூட்டை எடுக்காவிட்டால் மந்தமாகும். அது நம்ம தொழில் அல்லவா. கொஞ்சம் தெம்பு வந்தது.

ஒரு நாள் துணிந்து அவன் அறை வாசலில் நின்று கேட்டேன். "ஏலே, நாலு கோரா, ஆறு கோரா, எது நல்லது?"

அவன் ஒரு பக்கத்து ஹெட்போனை மட்டும் விலக்கினான். "எதுக்கு?"

"சும்மாதான்."

"ஆறு" என்றான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஓட்டினேன். மறுநாள் இன்னொரு கேள்வியோடு போனேன். அதற்கு ஒரு வரி பதில் வந்தது. அடுத்த வாரம் ஹெட்போனை இரண்டு பக்கமும் கழற்றினான். ஒரு சாயங்காலம் அவனாகவே அடுக்களைக்கு வந்து, "வாப்பா, வெல கொறச்சலா இருக்குன்னு ரொம்பப் பழைய ஜெனரேஷன வாங்கிராதீய" என்றான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கள்ளப் புத்தி வந்தது. வாங்குவதைத் தள்ளிப்போட்டேன். வாங்கிவிட்டால் கேட்பதற்கு என்ன இருக்கும்? தெரிந்ததையே தெரியாததுபோல் கேட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் விளக்குவான். என் சுகத்துக்கு நாள் கடத்தியதில், ஒதுக்கி வைத்திருந்த பணம் கேஸ், மளிகை, ஸ்கூல் பீஸ் என்று கரைந்து நாற்பது முப்பத்திரண்டானது. இனியும் இழுத்தால் அதுவும் போய்விடும் என்று பயந்து, அவனிடம் சொல்லாமல் ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். திடீரென்று கொண்டுவந்து அவன் முன்னால் வைக்க வேண்டும் என்று ஆசை. பதினான்கு வருடம் சூட்கேஸ் திறந்து காட்டியே பழகியவன்.

அவன் சொன்ன ஆறு கோர் புராசசரைக் கேட்டேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒரே பெயர், ஒரே எண். ஒன்றில் மட்டும் கடைசியில் ஓர் எழுத்து கூட இருந்தது, அதற்கு விலையும் குறைவு. "பாய், இதுல கிராபிக்ஸ் கெடையாது. தனியா கார்டு வச்சிருக்கீயள்லா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. பின்னால் இரண்டு காலேஜ் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "ஆமா, இருக்கு" என்று தலையை ஆட்டிவிட்டேன். போர்டு, கீபோர்டு எல்லாம் எடுத்தது போக மிச்சமான காசில், இருப்பதிலேயே பெரிய கூலிங் ஃபேனாகப் பார்த்து வாங்கினேன். மற்ற எந்தப் பாகத்தைப் பற்றியும் சந்தேகம் கேட்டவன், அதை மட்டும் அதிகாரமாகக் கேட்டு வாங்கினேன். கடையிலேயே மாட்டித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த வாப்பாவும் மகனும் வீட்டில் இருக்கும்போது கடைக்காரன் எதற்கு?

அன்று மத்தியானம் ஹாலில் பாய் விரித்து இருவரும் உட்கார்ந்தோம். என் ஆயுளில் அப்படி ஒரு மத்தியானம் வந்ததில்லை. அவன் செல்போனில் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் மாட்டினேன். புராசசரை வைக்கும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கூலிங் ஃபேனைப் பார்த்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன வாப்பா இது, கல்யாண மண்டபத்துக்கா வாங்குனீய?" எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மனைவி அடுக்களை வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். திட்ட வந்தவள் திட்டாமல் போய்விட்டாள்.

டிவியில் இணைத்துப் பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. டிவியில் சிக்னல் இல்லை என்று வந்தது.

கழற்றி மாட்டினோம். வயரை மாற்றினோம். மறுபடி அதே கறுப்பு. அவன் மெல்லக் குப்பையிலிருந்து புராசசர் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"வாப்பா, இதுல படம் காட்டுறதுக்குள்ளது கெடையாது. தனி கார்டு போட்டாத்தான் படமே வரும். அந்தக் கார்டு இது எல்லாத்தையும் சேத்த வெல இருக்கும்."

ஏதாவது சொல்லித் திட்டமாட்டானா என்று இருந்தது. அவன், "பரவால்ல வாப்பா" என்றான். அதே பழைய மரியாதை. ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டு எழுந்து போனான். ஹெட்போன் மாட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மறுநாள் கடைக்கு ஓடினேன். "பெட்டியப் பிரிச்சா காசு திருப்ப மாட்டோம் பாய். நான் கேட்டேம்லா, நீங்கதான இருக்குன்னு சொன்னீய" என்றார். அவர் மேல் என்ன தப்பு? கார்டு விலையைக் கேட்டேன். சொன்னார். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "சரி, நான் திரும்ப சவூதிக்குத்தான் போறேன். மொத மாசச் சம்பளத்துல பணம் அனுப்புதேன், பையன் வந்து கார்டு வாங்கிக்கிடுவான்" என்று என் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

என் பழைய சூப்பர்வைசர் ஒரு மலையாளி. வேறு கம்பெனியில் ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்று செய்தி அனுப்பியிருந்தார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. அதற்கு நான் பதில் போடாமலே வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவும் இல்லை.

வீட்டுக்குப் போக மனமில்லாமல் வண்டியைக் குற்றாலத்துக்கு விட்டேன். பேரருவியில் நல்ல தண்ணீர், அதைவிட நல்ல கூட்டம். வரிசையில் முண்டிப் போய்ப் போட்டிருந்த பேண்ட்டோடு தலையைக் கொடுத்தேன். அந்த அடியில் அழுதால் யாருக்கும் தெரியாது. நன்றாக அழுதேன். போலீஸ்காரர் விசில் ஊதி, "யோவ், எவ்வளவு நேரம்யா, அடுத்த ஆளுக்கு வழி விடு" என்று விரட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

வண்டியில் வைத்திருந்த போனை எடுத்து, ஈரத்தோடு ஒரு பழக்கடை ஓரம் நின்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "வாறேன்! நான் வாறேன்!" என்று அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கத்த வேண்டியிருந்தது. ரம்புட்டான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. மெதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அடுத்த மாதம் கிளம்புகிறேன், போனதும் முதல் வேலையாகக் கார்டுக்குப் பணம் அனுப்புகிறேன் என்று. மனைவி குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். மகன் என்னைப் பார்த்தான். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்தான். சந்தோஷமாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டதே.

காலையில் அவன் புராசசரைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தான். கூலிங் ஃபேனும் அதன் பெட்டிக்குள் போயிருந்தது. "கடைக்கு வாங்க" என்றான்.

"காசு தரமாட்டாங்கலே."

"காசு கேக்கப் போகல."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். கடையில் அவன்தான் பேசினான். "அண்ணாச்சி, காசு வேண்டாம். இத செகண்ட்ஸ் வெலைக்கே எடுத்துக்கிடுங்க. இந்த ஃபேனையும் எடுத்துக்கிடுங்க. அதுக்குப் பதிலா, படம் உள்ளுக்குள்ளயே இருக்குற புராசசர், நாலு கோருதான், போன ஜெனரேஷன், இதே போர்டுல உக்காரும். அத மாத்திக் குடுங்க."

ஒரு மாதமாக நான் கேட்டுக் கேட்டு அவன் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கிய புராசசர் அது. அதில் அவன் ஆசைப்பட்ட கேம் கடைசி செட்டிங்கில்தான் ஓடும், அதுவும் முக்கி முனகி. அவனே எனக்குச் சொல்லித் தந்ததுதான்.

கடைக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, கைக்கு வந்த நல்ல புராசசர ஏன் விடுத? கொஞ்சம் பொறு. வாப்பா சவூதிக்குப் போயி கார்டுக்குப் பணம் அனுப்புதேன்னு சொல்லியிருக்காங்கள்லா?"

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கல்லாவில் வைத்த பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினான்.

"அவங்க போகல" என்றான்.

நேற்று உட்கார்ந்த அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் டிவியில் படம் வந்தது. மனிதர்கள் முகமெல்லாம் மழுங்கலாக, மரங்கள் பச்சைக் கட்டிகளாக இருந்தன. ஓடுகிறவன் நின்று நின்று ஓடினான். ஹெட்போன் போடாமல் சத்தத்தை டிவியிலேயே விட்டு விளையாடினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலை இல்லை. வெயில் வர இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. அடுத்த மாதம் என்ன செய்யப் போகிறோம் என்று எனக்கும் தெரியாது, அடுக்களையில் இருக்கிறவளுக்கும் தெரியாது.

அப்போது என் போன் அடித்தது. சூப்பர்வைசர். மகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் கீபோர்டில் அவன் விரல்கள் நின்றுவிட்டன. திரையில் அவனுடைய ஆள் நடுரோட்டில் அப்படியே நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

போனை எடுத்து, "இல்ல சேட்டா, நான் வரல" என்றேன். இந்த முறை மெதுவாகச் சொன்னாலே அவருக்குக் கேட்டது.

அவன் விரல்கள் மறுபடி ஓடத் தொடங்கின.