எடை கூடிய பச்சைக் குச்சி

காயப்போட்ட பொருள் எடை கூடுமா?

அவனியாபுரத்திலிருந்து திருமங்கலம் திரும்பும் பேருந்தில் அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. 2024ஆம் வருடம், தை மாதம். நான் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு விடையைச் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் பெயர் கருப்பு. திருமங்கலத்தில் நாற்கரச் சாலையை ஒட்டிய ஓர் எடை மேடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இப்போது சீட்டை இயந்திரமே அச்சடித்துவிடுகிறது. கையெழுத்து மட்டும் அப்பா போடுகிறார். எடையில் அவரை ஏமாற்ற முடியாது என்று டிரைவர்கள் சொல்வார்கள். கிளீனர் பையன் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் படுத்திருந்தால்கூட, வண்டி மேடையில் அமுங்குவதைப் பார்த்து, "அவன எறங்கச் சொல்லுய்யா" என்பார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை மைப்பேனா. எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கறுப்பு, பழுப்பு நிறப் பேனாக்கள் பத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் அவனியாபுரத்தில் நல்லகாமன் என்பவரின் சின்னப் பட்டறையில் வாங்கினார். நல்லகாமன் லேத்தில் கையால் கடைந்து பேனா செய்பவர். வாரம் ஒரு பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு அப்பா வேலைக்குப் போவார். புதுப் பேனா வந்துவிட்டால் டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். "என்னண்ணே, இன்னைக்கு மாப்ள அழைப்பா?" என்று கேட்பார்கள்.  அப்பா கையெழுத்தை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுவார்.

பதினோராவது பேனா செல்லுலாய்டு என்ற பழைய காலப் பிளாஸ்டிக்கில் வேண்டும் என்று அவர் கேட்டது 2020 தை மாதத்தில். அன்றுதான் நான் முதல்முறை அந்தப் பட்டறைக்குப் போனேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நல்லகாமன் பரணிலிருந்து ஒரு பச்சைச் செல்லுலாய்டு குச்சியை இறக்கினார். கிளிப்பச்சை. உள்ளே தேன் நிறத்தில் கோடுகள் முறுக்கிக்கொண்டு ஓடின. கட்டைவிரலால் தேய்த்து மூக்கருகே நீட்டினார். சூடம் மணந்தது.

செல்லுலாய்டு உடனே கடையக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்குள் இருக்கும் ஈரமும் சூடமும் வருடக்கணக்கில் மெல்ல வெளியேறும். வெளியேற வெளியேற குச்சி சுருங்கும். காய்வதற்கு முன் கடைந்தால் பேனா ஆன பிறகு சுருங்கி, மூடியின் மரை இறுகிவிடும். அதனால் நல்லகாமனின் பட்டறையில் ஒரு முறை இருந்தது. குச்சி யாருக்கோ அவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதில் கட்டிவிடுவார். வருடம் ஒருமுறை அந்த ஆள் வந்து, நகைத் தராசில் குச்சியை எடை போட்டு, எடையைத் தன் கையாலேயே சீட்டில் எழுத வேண்டும். இரண்டு வருடம் ஒரே எடை வந்தால் குச்சி காய்ந்துவிட்டது. பிறகுதான் லேத்.

எங்கள் சீட்டின் தலையில் அப்பாவே எழுதினார்: திருமங்கலம் கருப்பு. அதன் கீழே 51.8 கிராம். முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டார்.

இந்தப் பேனா எதற்கு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு மேற்கே விருமாண்டி என்பவருக்கு ஒரு பெரிய புஞ்சை இருக்கிறது. அப்பாவின் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அதில் கூலி வேலை பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தப் புஞ்சையில் முப்பது சென்ட் வாங்குவது என்று அப்பா பல வருடங்களாகப் பணம் சேர்த்து வந்தார். பத்திரத்தில் கையெழுத்து அந்தப் பச்சைப் பேனாவில்தான் என்று முடிவு செய்திருந்தார். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் மற்ற பத்துப் பேனாக்களும் இருக்கும் துணிப்பையில் பதினோராவது மடிப்பு ஒன்றை அம்மாவைத் தைக்கச் சொல்லி, அதைக் காலியாகவே வைத்திருந்தார்.

ஜல்லிக்கட்டு முடிந்த வாரம், அவனியாபுரத்தில் தடுப்புக் கட்டைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு வருடமும் போவோம். அப்பா முதலில் தன் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் தராசில் வைப்பார். 7.7 காட்டினால் தராசு சரி. நல்லகாமன் இதைப் பார்த்துச் சிரிப்பார். அப்பாவைவிட அவர் பத்து வயது இளையவர். அப்பா அவரை அண்ணே என்பார். அவர் அப்பாவை கருப்பு என்பார். மற்றவர்கள் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். நாங்கள் நின்றுகொண்டே எடை போட்டோம். அந்த வயதில் இதை நான் கவனித்தேன். ஆனால் பேனா கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

2021இல் 51.1. அடுத்த வருடம் 50.7. அதற்கடுத்த வருடம் 50.5. அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அடுத்த தையில இதே எடை நின்னுச்சுன்னா கடஞ்சிரலாம்ணே" என்றார். நல்லகாமன் தலையாட்டினார்.

அந்த அடுத்த தை மாதம்தான் 2024.

சீட்டைப் பார்த்ததும் அப்பா புருவத்தைச் சுருக்கினார். அது பழைய சீட்டு இல்லை. அப்பாவின் பெயரும் நான்கு எடைகளும் நல்லகாமனின் கோணல் எழுத்தில் இருந்தன. பழையதைக் கரையான் அரித்துவிட்டது, அதனால் பார்த்து எழுதிவைத்தேன் என்றார். அப்பா நாணயத்தை வைத்தார். 7.7. பிறகு குச்சியை வைத்தார்.

51.4.

அப்பா குச்சியை எடுத்துத் தராசைப் பூஜ்யமாக்கி மறுபடி வைத்தார். அதே எடை. "கூடியிருக்கேண்ணே" என்றார்.

"ஒரு கிராம்கூட இல்லப்பா. நீ டன் கணக்குல பாக்குற ஆளு, இதுல போயி உசுர விடுற" என்று நல்லகாமன் சிரித்தார். இதற்கு மேல் காயாது, மாசியில் வந்து பேனாவை வாங்கிக்கொள் என்றார்.

நான் குச்சியை வாங்கி முகர்ந்தேன். தேய்க்காமலே சூடம் மூக்கில் ஏறியது. போன வருடம் அப்படி இல்லை. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா பெருங்குடி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "பவா, நீ படிச்ச புள்ள. காயப்போட்ட பொருளு எடை கூடுமா?"

நான் யோசிப்பதுபோல் ஒரு நிமிடம் இருந்துவிட்டுச் சொன்னேன். "இப்பத்தானப்பா மழை விட்டிருக்கு. காத்துல இருக்க ஈரத்த இழுத்திருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்பச் சரி" என்றார்.

இருபத்திரண்டு வருடம் எடை பார்த்த மனிதர், என் ஒற்றை வரியை நம்பி, தன் கண் பார்த்ததை விட்டுவிட்டார். நம்ப வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் அதற்குக் காரணம் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மாசியில் பேனா வந்தது. அவ்வளவு அழகான பேனாவை நான் பார்த்ததில்லை. வெயிலில் பிடித்தால் தேன் கோடுகள் உள்ளே நகர்வதுபோல் இருக்கும். அப்பா அதில் மை ஊற்றவில்லை. பதினோராவது மடிப்பில் வைத்துவிட்டு, தினமும் காலையில் ஒருமுறை எடுத்துத் திறந்து பார்த்து மூடுவார். சித்திரை வந்ததும் மூடி கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார். புது மரை அப்படித்தான் இருக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

வைகாசியில் பத்திரப் பதிவு. முதல் நாள் சாயங்காலம் நீல மை ஊற்றி, ஒரு தாளில் நான்கு முறை கையெழுத்துப் போட்டுப் பார்த்து, மூடியை நன்றாகத் திருகி வைத்தார். மறுநாள் அம்மா, நான், அப்பா மூவரும் போனோம். அப்பா புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் பச்சைப் பேனா. வெயில் அன்று கொளுத்தியது.

பத்திரம் எழுதுபவரின் கடையில் நல்ல கூட்டம். விருமாண்டி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்தார். அடுத்தது அப்பா. அவர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

மூடி வரவில்லை.

கைக்குட்டையைச் சுற்றித் திருகினார். சட்டை நுனியால் பிடித்துத் திருகினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பத்திரம் எழுதுபவர் மேசையில் நூல் கட்டிக் கிடந்த பால்பாயிண்ட் பேனாவை அப்பா பக்கம் தள்ளினார். அப்பா அதைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை திருகினார். மூடி நீளவாக்கில் வெடித்தது. மை அவர் கட்டைவிரலிலும் வெள்ளைச் சட்டையிலும் வழிந்தது.

விருமாண்டி அந்த விரலைப் பார்த்தார். "அட, மையும் தடவியாச்சு. கைநாட்டே வச்சிரு கருப்பு. உங்கப்பன் காலமெல்லாம் வச்சதுதான."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பத்திரம் எழுதுபவரும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு, நூல் கட்டிய பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நூல் நீளம் போதாததால் குனிந்து போட வேண்டியிருந்தது. பத்திரத்தின் நகல் எங்கள் பீரோவில் இருக்கிறது. அதில் இருப்பது அப்பாவின் கையெழுத்து மாதிரியே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உடைந்த பேனாவை எடுத்துக்கொண்டு அவனியாபுரம் போனோம். நல்லகாமன் அதை வாங்கிப் பார்த்தார். பொய் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

போன கார்த்திகையில் சென்னையிலிருந்து பேனா சேர்க்கும் டாக்டர் ஒருவர் வந்தாராம். நன்றாகக் காய்ந்த குச்சியில்தான் பேனா வேண்டும் என்றாராம். பரணில் அப்படி இருந்தது எங்களுடையது ஒன்றுதானாம். அதை அவருக்குக் கடைந்து கொடுத்துவிட்டு, அதே நிறத்தில் புதிதாக வந்த குச்சியில் அப்பாவின் பெயரைக் கட்டிவிட்டார்.

"முந்நூறு பேனா வச்சிருக்கவரு, வாசல்ல வந்து நிக்கிறாரு. இல்லேன்னா சொல்ல முடியும்?" என்றார். "உனக்கென்ன, லாரிச் சீட்டுல போடுறதுக்குத்தான?"

"பத்திரத்துக்குண்ணே" என்றார் அப்பா.

நல்லகாமன் உடைந்த பேனாவை லேத்தின் மேல் வைத்தார். பிறகு, வேறு குச்சி போட்டுவைக்கிறேன், நாலு வருடத்தில் தருகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்றார். பழைய சீட்டை மட்டும் கேட்டார். உண்மையில் கரையான் அரித்திருந்தால் பரவாயில்லை, இருந்தால் கொடுங்கள் என்றார்.

அப்போதுதான் அது தெரிந்தது. குச்சி காய்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நல்லகாமன் சீட்டையே கொடுத்துவிட்டார். தலையில் இருந்த பெயரை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டார்.

டாக்டரின் பெயரை நான் கேட்டேன். "அதெல்லாம் ஒனக்கெதுக்கு?" என்றார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "வாரேண்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். உடைந்த பேனா லேத்தின் மேலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அப்பா மைப்பேனா எடுப்பதில்லை. எடை மேடையில் பால்பாயிண்ட்தான். டிரைவர்கள் இரண்டு மூன்று மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். முப்பது சென்ட்டில் அம்மா கத்தரி போட்டிருக்கிறாள். நான் ஒரு கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். இப்போது திருமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன்.

அப்பாவின் கேள்விக்கு இப்போது எனக்கு விடை தெரியும். படிப்பு தேவையில்லை, கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் போதும். ஒவ்வொரு வருடமும் அதே தை மாதம்தான் எடை போட்டோம். ஒவ்வொரு வருடமும் அதற்கு முன்புதான் மழை விட்டிருந்தது. அப்போதெல்லாம் எடை குறைந்ததே தவிர, கூடவில்லை. இதை நான் அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். பிறகு ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த டாக்டர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரிடம் ஒரு கிளிப்பச்சைப் பேனா இருக்கிறது. உள்ளே தேன் நிறக் கோடுகள். கூடவே ஒரு சீட்டு. அதில் நீல மையில், சற்றுப் பெரிய எழுத்தில், 51.8, 51.1, 50.7, 50.5 என்று இருக்கும். சீட்டின் மேல் விளிம்பு கத்தரிக்கப்பட்டிருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து உங்களுக்குத் தெரிந்த, பேனா சேர்ப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். எப்படியாவது அந்த டாக்டரிடம் போய்ச் சேரும். பேனாவை அவர் திருப்பித் தர வேண்டாம். வெட்டப்பட்ட இடத்துக்குக் கீழே, அந்தப் பேனாவாலேயே, திருமங்கலம் கருப்பு என்று எழுதிவைத்தால் போதும்.